ஒற்றை ஆளுக்கு ஒரு பத்தடிப் படகு

தனியாகப் போய் மீன் பிடிப்பதற்கென்று எடுத்த சிறு படகு ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டது. மோட்டாரை முடுக்கினால் மட்டமாகப் போகிறது. நங்கூரம் போட எழுந்து நடக்க வேண்டியதில்லை. காரிலிருந்து இறக்கவும் ஏற்றவும் இன்னொருவர் கை தேவைப்படவில்லை. இந்த மூன்றும் கைகூடுவதற்குள் மாட்டியதைக் கழற்றி, கழற்றியதை வேறு இடத்தில் மாட்டி, சிலவற்றைத் தூக்கியே எறிந்தாயிற்று. செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

படகு அலுமினியம், தட்டை அடி. நீளம் 3.05 மீட்டர், மேல்விளிம்பில் அகலம் 1.2 மீட்டர், தகட்டின் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டர், வெறும் படகின் எடை 45 கிலோ. குறுக்கே மூன்று இருக்கைப் பலகைகள், அவற்றுக்குள் மிதவை நுரை. காற்றடைத்த ரப்பர் படகு காரின் டிக்கிக்குள்ளேயே அடங்கிவிடும்தான். ஆனால் அதில் எதையும் திருகி மாட்ட முடியாது. தூண்டில் முள்ளோடு நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியமும் இல்லை. காயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகு இன்னும் இலகு. ஆனால் கால் நீட்டி உட்கார்ந்தால் என் முதுகு ஒத்துழைக்காது.

வாங்கியவுடன் நடுப்பலகையை அறுத்து எடுத்து நடமாட இடம் உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை. இரு பக்கத் தகடுகளையும் வளையாமல் இறுக்கிப் பிடித்திருப்பது அந்தப் பலகை. படகில் தண்ணீர் நிறைந்தாலும் அடிக்குப் போகாமல் காப்பது அதற்குள் இருக்கும் நுரை. தனியாகப் போகிறவன் இந்த இரண்டையும் இழந்து பெறக்கூடிய வசதி என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் சிக்கல் சாய்மானம். மோட்டாரைப் பின்பலகையில் மாட்டி, அதன் அருகிலேயே பாட்டரியை வைத்து, பின்னிருக்கையில் நானும் உட்கார்ந்தால் எடை முழுவதும் பின்னால் குவிந்துவிடுகிறது. அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரை விட்டு எழும்பி நிற்கிறது. எழும்பிய அணியத்தைக் காற்று பிடித்துத் தள்ளும்போது படகு தன் பின்முனையில் சுழலுமே தவிர நேராகப் போகாது. அதைவிடக் கவலை தருவது பின்பலகையின் உயரம்: நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. பக்கத்தில் வேறொரு படகு வேகமாகப் போனால் அதன் அலை அப்படியே உள்ளே வரும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் பாட்டரியை முன்னால் கொண்டுபோவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. அதன் பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். படகு ஒரு சீசாப் பலகை என்று வைத்துக்கொண்டால், எடையையும் அதை நகர்த்திய தூரத்தையும் பெருக்கினால் போதும். 12 கிலோ பாட்டரியைப் பின்கோடியிலிருந்து முன்கோடிக்கு 2.4 மீட்டர் நகர்த்தினால் 28.8 வருகிறது. 72 கிலோ எடையுள்ள நான் 40 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாலும் அதே 28.8. படகில் இருப்பதிலேயே கனமான சரக்கு நான்தான். நான் எங்கே உட்காருவது என்று முடிவு செய்யாமல் மற்றதையெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தப் பொருளுக்கும் உட்காரும் இடத்தை வைத்தே இடம் குறித்தேன்.

பின்னிருக்கைக்கும் நடு இருக்கைக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி. அதன் மேல் பாலம்போல ஒரு பலகை போட்டேன்: 18 மில்லிமீட்டர் பிளைவுட், 40 சென்டிமீட்டர் அகலம், இரு முனையும் இருக்கைகளின் மேல் நன்றாகப் படியும் நீளம். முதலில் வெறுமனே வைத்துப் பார்த்தபோது எழுந்தால் பலகை பின்னால் வழுக்கியது. அடியில் 25 மில்லிமீட்டர் சதுரக் கட்டைகள் இரண்டை, இருக்கைகளின் உள்விளிம்பில் முட்டி நிற்கும்படி ஒட்டித் திருகினேன். இப்போது அசைவதில்லை, தூக்கினால் ஒரு கையோடு வந்துவிடும். பலகையின் மேல் மடக்கு நாற்காலியின் இருக்கைப் பகுதியை மட்டும் நான்கு போல்ட்டில் பொருத்தியிருக்கிறேன். சுழலும் தூண் வைத்த உயர இருக்கை பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இவ்வளவு குறுகிய படகில் உடம்பு ஒரு சாண் உயர்ந்தாலே ஆட்டம் கூடிவிடுகிறது. பலகையின் மட்டத்திலேயே உட்காருவதுதான் சரி.

மரம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் மருந்தேற்றிய மரங்களில் பலவற்றில் செம்புச் சேர்மங்கள் இருக்கும். ஈரமான நிலையில் செம்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். முதல் பலகையை அந்த மரத்தில்தான் அறுத்திருந்தேன். ஈரத்தோடு வைத்திருந்த இடத்தில் தகட்டில் வெள்ளைப் பொடி பூத்ததைப் பார்த்த பிறகு அதைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, மருந்து ஏற்றாத வெளிப்புறத் தர பிளைவுட்டுக்கு மாறினேன். ஆறு பக்கமும் எபாக்சி இரண்டு பூச்சு, அதன் மேல் பெயின்ட். துளை போட்ட பிறகு துளையின் உட்சுவரிலும் எபாக்சி தடவ வேண்டும். பிளைவுட் அழுகத் தொடங்குவது எப்போதும் அங்கேதான்.

உட்காரும் இடம் முன்னால் போனதும் மோட்டாரின் கைப்பிடி எட்டாமல் போயிற்று. கடைகளில் நீட்டுக் கைப்பிடி கிடைக்கிறது. ஆனால் ஒரு பிவிசி குழாய்த் துண்டு அதே வேலையைச் செய்கிறது. கைப்பிடியின் மேல் சற்றே தளர்வாக நுழையும் விட்டத்தில் 60 சென்டிமீட்டர் குழாய் எடுத்து, ஒரு முனையில் நீளவாக்கில் நான்கு வெட்டுகள், ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் ஆழம். கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, குழாயை அதன் மேல் செருகி, வெட்டுப் பகுதியில் ஹோஸ் கிளாம்ப் போட்டு முறுக்கினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழாயைத் திருப்பினால் வேகம் மாறுகிறது, தள்ளினால் திசை மாறுகிறது. ரப்பர் இல்லாமல் இறுக்கினால் குழாய் வழுக்கும். வழுக்குகிறதே என்று மேலும் முறுக்கினால் கைப்பிடியின் பிளாஸ்டிக் விரியும்.

மோட்டார் 12 வோல்ட், 30 பவுண்டு உந்துவிசை. இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 பவுண்டு. படகு, நான், சாமான் எல்லாம் சேர்த்து 165 கிலோ அளவில் வருகிறது. ஏழெட்டு பவுண்டே போதும் என்று கணக்கு சொல்லும். எதிர்காற்று கணக்கில் வராது என்பதால் 30 எடுத்தேன், அது தாராளம். தண்டின் நீளத்தைத்தான் யோசித்து வாங்க வேண்டும். இந்தத் தாழ்ந்த பின்பலகைக்கு 30 அங்குலத் தண்டு பொருத்தம். விசிறி நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவில் இருந்தால் காற்றை உறிஞ்சாமல் சுற்றும், ஆழம் குறைந்த இடத்தில் சேற்றையும் கிண்டாது.

செலவில் பெரிய பங்கு பாட்டரிக்குத்தான் போயிற்று. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரி 28 கிலோவுக்குக் குறையாது. அதையும் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 12 கிலோ. கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். அணியத்தில் எடை வேண்டும் என்பவருக்கு ஈயத்தின் கனமே ஒரு வசதி என்று வாதாடலாம். நானும் சில நாள் வாதாடினேன். அந்த 28 கிலோவைச் சரிவான கரையில், ஈரக் காலோடு தூக்கிப் போவதோடு வாதம் முடிந்துவிட்டது.

லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈய பாட்டரி தளரும்போது மோட்டாரும் தளர்ந்து முன்னறிவிப்புக் கொடுக்கும். லித்தியம் அப்படியில்லை. கடைசி வரைக்கும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜைக் காட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒரு நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதனால் வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. எவ்வளவு ஆம்பியர்-மணி வெளியே போயிற்று என்று எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். பாதி எண் வந்ததும் திரும்பிவிடுவேன். முழு வேகத்தில் இந்த மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வேகத்தைப் பாதியாக்கினால் இழுப்பு பாதிக்கும் மிகக் கீழே போய்விடுகிறது. ஆனால் இது மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஐந்து படிகளில் வேகம் மாறும் எளிய வகைகளில் குறைந்த படிகளில் மிச்சப்பட வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு மின்தடைச் சுருளில் சூடாகப் போய்விடும்.

பாட்டரி அணியத்துக்குப் போனதால் கம்பி நீண்டது. போக 3 மீட்டர், வர 3 மீட்டர். கையில் இருந்த 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தேன். முழு வேகத்தில் மோட்டார் சோர்ந்தமாதிரி இருந்தது, இணைப்பு முனையைத் தொட்டால் சூடு. செம்பின் மின்தடையை வைத்துக் கணக்கிட்டால் 30 ஆம்பியரில் அந்தக் கம்பியில் மட்டும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் தொலைகிறது. 16 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் 0.2 வோல்ட். மாற்றினேன். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, முனைகளில் கிரிம்ப் செய்த லக், மேலே சூட்டில் சுருங்கும் ஒட்டுக் குழாய். நேர்முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் 50 ஆம்பியர் பிரேக்கர். அது பாட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உரசி வெட்டுப்படும் கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை. அலுமினியப் படகில் அது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல. கம்பி முழுவதையும் பக்கவாட்டு விளிம்பின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் கொண்டுபோனேன். பாட்டரி மூடியுள்ள பெட்டிக்குள், பெட்டி பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு.

ஆழமும் மீனும் காட்டும் சோனார் திரையை முதலில் அதே பாட்டரியில் கொடுத்தேன். மோட்டார் ஓடும்போதெல்லாம் திரையில் மேலிருந்து கீழாகக் கோடுகள். தனியாக ஒரு 7 ஆம்பியர்-மணி சிறு பாட்டரி கொடுத்ததும் கோடுகள் மறைந்தன. இந்தத் திரை இழுப்பது 0.6 ஆம்பியர்தான், அந்தச் சிறு ஈய பாட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே ஆறு மணி நேரம் வருகிறது. ஒலியுணரியைப் படகின் உள்ளே ஒட்டி அடித்தகட்டின் வழியாகப் பார்ப்பதை ஃபைபர் படகுக்காரர்கள் செய்கிறார்கள். அலுமினியத்தில் அதை நம்ப முடியாது. அதனால் வெளியே, ஒரு அலுமினியப் பட்டையின் முனையில் உணரியை வைத்து, பட்டையை விளிம்பில் கிளாம்ப் செய்திருக்கிறேன். ஒரே ஒரு போல்ட்டில் தொங்குகிறது. போல்ட்டை அளவாக முறுக்கியிருப்பதால் கட்டையில் இடித்தால் பட்டை பின்னால் மடங்குகிறது, உணரி உடைவதில்லை. உணரியின் அடி, படகின் அடியைவிடச் சற்றே கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் குமிழிகளைத்தான் பார்க்கும்.

இனி நங்கூரம். இந்த வேலை முழுவதிலும் என் மண்டையைக் காய்ச்சியது இதுதான். நங்கூரக் கயிறு அணியத்திலிருந்துதான் போக வேண்டும். பின்பலகையிலிருந்து போட்டால் தாழ்ந்த பக்கம் அலைக்கு முகம் கொடுக்கிறது. மோட்டார் எடை வேறு அங்கே இருக்கிறது, கயிறு விறைத்தால் பின்பக்கம் இன்னும் கீழே இழுபடும். ஆனால் தனியாள் அணியத்துக்குப் போவது எப்படி? நடுப்பலகையைத் தாண்டி, குனிந்து, ஒரு கையில் இரும்போடு முன்னால் போகும்போது எடை முழுவதும் முன்கோடிக்குப் போய்ப் படகு ஒருபக்கம் சரியும். இதுபோன்ற படகுகளில் ஆள் தண்ணீரில் விழுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

காயாக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. அணியக் கைப்பிடியில் ஒரு சிறு கப்பி, என் இருக்கைக்குச் சற்றுப் பின்னால் விளிம்பில் இன்னொரு கப்பி. இரண்டையும் சுற்றி 5 மில்லிமீட்டர் கயிறு ஒரு வளையமாக ஓடுகிறது. அந்த வளையத்தில் ஒரு எஃகு வளையத்தைக் கட்டியிருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரத்தைப் பக்கவாட்டில் இறக்கி, கயிற்றை எஃகு வளையத்தின் வழியாக விட்டு, ஓடும் கயிற்றை இழுத்தால் வளையம் அணியத்துக்குப் போய்விடுகிறது. படகு தானாகத் திரும்பிக் காற்றுக்கு முகம் காட்டுகிறது. எடுக்கும்போது வளையத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு, கயிற்றைக் கையில் பிடித்து மேலே தூக்குவது.

இதில் இடித்தவை சிறு சமாசாரங்கள். மலிவான கப்பியின் சக்கரம் மணல் புகுந்ததும் சிக்கிக்கொண்டது. உருளியில்லாத துருப்பிடிக்காத எஃகு வளையம் போட்டதும் உராய்வு சற்றுக் கூடினாலும் நின்று போவதில்லை. ஓடும் கயிறு தொய்ந்தால் துடுப்பில் மாட்டும். அதனால் ஒரு இடத்தில் 20 சென்டிமீட்டர் ரப்பர் கயிறு சேர்த்து எப்போதும் இழுப்பில் வைத்திருக்கிறேன். நங்கூரக் கயிற்றின் மறுமுனையைக் கட்டும் கொக்கி என் வலது முழங்காலுக்கு நேரே. அதில் முடிச்சு கிடையாது. எட்டு வடிவில் சுற்றி ஒரு கண்ணி மட்டும். ஒரே இழுப்பில் விட வேண்டும் என்பதற்காக. கயிற்றின் கடைசி முனையில் ஒரு மிதவை. பெரிய மீன் இழுத்தாலோ படகு ஒன்று நேரே வந்தாலோ கயிறு முழுவதையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய், பிறகு மிதவையைத் தேடி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மடங்கும் நான்கு கொம்பு நங்கூரம், 3 கிலோ. அதற்கு மேல் ஒரு மீட்டர் சங்கிலி, பிறகு 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு 30 மீட்டர். சங்கிலி இல்லாதபோது நங்கூரம் நிமிர்ந்து நின்று உழுதுகொண்டே போயிற்று. சங்கிலியின் எடை நங்கூரத்தின் கழுத்தைத் தரையோடு படுக்கவைக்கிறது. கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு என்பது பொது விதி. அசையாத தண்ணீரில் மூன்று மடங்கிலும் நிற்கிறது. காற்று எழுந்தால் முதலில் செய்வது கயிற்றை நீட்டுவதுதான். காளான் வடிவ நங்கூரம் சேற்றில் மட்டும் நன்றாக உட்காருகிறது, கல்தரையில் உருளுகிறது.

தூண்டில் தாங்கிகளை எங்கே வைப்பது என்று அளவுகோலால் தீர்மானிக்க முடியாது. இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடி, கழியை வைக்கக் கை தானாகப் போகும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். அந்த அடையாளங்களோடு ஒருமுறை தண்ணீரில் போய்வந்த பிறகுதான் துரப்பணத்தை எடுத்தேன். டேப் பாதிக்கு மேல் இடம் மாறியது. என் படகில் அவை முழங்கைக்கு ஒரு சாண் முன்னால், வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. பின்னால் வைத்தால் மோட்டார்க் குழாயோடு மோதுகின்றன, மீன் கடிப்பதும் கண்ணில் படாது.

துளைகளுக்கு 4.8 மில்லிமீட்டர் மூடிய முனை ரிவெட். சாதாரண ரிவெட்டின் நடுத்தண்டு அறுந்த பிறகு அதன் வழியாகத் தண்ணீர் கசியும், மூடிய முனையில் அது இல்லை. துளையில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, அது காய்வதற்குள் ரிவெட்டை இழுக்க வேண்டும். கழற்ற வேண்டியிருக்கும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகு போல்ட். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் தின்னப்படும், ஆகையால் நைலான் வாஷரும் மறையில் லேனோலின் பசையும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையும் போடவில்லை.

தரைக்குக் கம்பளம் ஒட்டினேன், பிறகு உரித்தேன். நனைந்தால் கனக்கிறது, காயவே மாட்டேன் என்கிறது, விழுந்த தூண்டில் முள் அதற்குள் தொலைந்து வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்தது ஒட்டியதைவிடப் பெரிய வேலை. இப்போது 10 மில்லிமீட்டர் இவிஏ நுரைப் பாய், ஒட்டாமல் அளவாக வெட்டி விரித்தது. இடுக்கி கீழே விழுந்தாலும் தகடு அதிர்ந்து ஒலிப்பதில்லை. மீன்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

தண்ணீரில் விழுந்தால் தனியாக எப்படி ஏறுவது என்பதைக் கரையோரம், மார்பளவு நீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைத்து, மிதவைச் சட்டையோடு சோதித்தேன். கயிற்றுக் கண்ணியில் கால் வைத்து ஏறலாம் என்று படித்திருந்தேன். தட்டை அடிப் படகில் கண்ணி கீழே வழுக்கி உள்ளே போய்விடுகிறது. காலும் அதோடு படகுக்கு அடியில் போய் முதுகு தண்ணீரில் மல்லாக்கச் சாய்கிறது. பக்கவாட்டில் ஏறப் பார்த்தால் படகு நம் மேலேயே கவிழ வருகிறது. வேலை செய்தது விறைப்பான மடக்கு ஏணிதான்: பின்பலகையின் ஓரத்தில் மாட்டியது, கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே 55 சென்டிமீட்டர். அதற்கு இடம் விட மோட்டாரை நடுவிலிருந்து மறுபக்கம் ஒரு சாண் தள்ளி மாட்டியிருக்கிறேன். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மேலே இருந்து மட்டும் அவிழ்க்கக்கூடிய ஏணிப் பட்டையால் பயனில்லை. தண்ணீரில் நிற்பவன் கைக்கு எட்டும் இடத்தில் அதன் வாரைத் தொங்கவிட்டேன்.

விழுந்தவனை விட்டுப் படகு போய்விடக் கூடாது என்பதும் அதே கவலையின் மறுபாதி. பல மின் மோட்டார்களில் நிறுத்துக் கயிறு கிடையாது. நேர்க்கம்பியில் ஒரு கான்டாக்டர் (தன் சுருளில் மின்சாரம் ஓடும்வரை மட்டும் இணைப்பைப் பிடித்திருக்கும் சுவிட்ச்) போட்டு, அதன் சுருளைச் சட்டையில் மாட்டும் கயிற்றோடு வரும் நிறுத்து விசையின் வழியாகக் கொடுத்தேன். கயிறு பிடுங்கப்பட்டால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கிறது. மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை என்பதால் உடம்பிலேயே இருக்கும் வகை வாங்கினேன். விசில் அதில் கட்டியது, போன் நீர் புகாத பையில் சட்டைப் பைக்குள். எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்புவது. இரண்டு துண்டாகக் கழலும் துடுப்புகள் எப்போதும் படகில் உண்டு. துடுப்புத் தாங்கிகளை நடு இருக்கையின் பின்விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி மாட்டினேன். அதைவிட நெருங்கினால் முழங்கை இடிக்கிறது.

ஏற்றி இறக்குவது தனி வித்தை. காரின் கூரை தாங்கும் எடை கார்க் கையேட்டில் இருக்கும்; அதில் கூரைக் கம்பிகளின் எடையும் சேர்த்தி. படகைக் கவிழ்த்து, அணியத்தை மட்டும் முதலில் தூக்கிப் பின்கம்பியில் சாய்த்து, பிறகு பின்பக்கம் போய்த் தூக்கித் தள்ளினால் ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில். கம்பியில் ரப்பர் சுற்றினால் வழுக்காமல் முரண்டு பிடிக்கிறது. பிவிசி குழாயை உருளையாக மாட்டியபின் இலகுவாக ஏறுகிறது. இரண்டு பட்டைகளோடு முன்னும் பின்னும் தனிக் கயிறு கட்டாமல் கிளம்புவதில்லை. பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கட்டினால் காற்றில் அது போடும் ஓயாத ரீங்காரம் நின்றுவிடும்.

படகைச் சக்கர வண்டியில் வைத்துத் தண்ணீர்வரை தள்ளுகிறேன். அச்சு எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் கையில் பத்து கிலோ அளவில்தான் கனம் வரும். ஆனால் பாட்டரியை அணியத்தில் வைத்துவிட்டுத் தள்ளினால் கணக்கு கெட்டுவிடும். அதனால் தள்ளும்போது பாட்டரி அச்சுக்கு மேலேயே இருக்கும். தண்ணீரில் இறக்கிய பிறகு முன்னால் போகும். படகின் வடிகால் துளைக்கான மூடியை மறந்துவிடாமல் இருக்கக் கார்ச் சாவியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

எல்லாம் ஏற்றியபின் நிலவரம்: மோட்டார் 9 கிலோ, பாட்டரி 12, சோனாரும் அதன் பாட்டரியும் 3, நங்கூரமும் கயிறும் 5, இருக்கைப் பலகை 6, ஏணி 3, துடுப்புகள் 3, தூண்டில் சாமான்கள் 8, நான் 72. கூட்டினால் 121. பின்பலகைத் தகட்டில் அடித்திருக்கும் உச்சச் சுமை 155 கிலோ. மீனுக்கும் மழைநீருக்கும் அந்த மிச்சம் போதும். செலவில் பாட்டரியும் மோட்டாரும் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிட்டன. பிவிசி குழாய், கயிறு, வளையம், நுரைப்பாய் எல்லாம் சேர்ந்து சோனாரின் விலைக்குக்கூட வரவில்லை. ஆனால் மீண்டும் ஒரு படகு கட்டினால் சோனாரைத்தான் கடைசியில் வாங்குவேன்.

இன்னும் மாற்ற இருப்பவை சில. பிரேக்கர் அணியத்தில் இருப்பதால் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டவில்லை; விபத்துக்குக் கான்டாக்டர் இருக்கிறது, அன்றாட நிறுத்தத்துக்கு அது சரிப்படாது. கைக்கெட்டும் தூரத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வர வேண்டும். பலகை 40 சென்டிமீட்டர் அகலம் தேவையில்லை, 32 போதும்; கால் வைக்கப் பக்கத்தில் இடம் கிடைக்கும். வண்டிச் சக்கரம் இப்போது 25 சென்டிமீட்டர் விட்டம், கெட்டித் தரையில் ஓடுகிறது, மணலைக் கண்டால் புதைகிறது. 40 சென்டிமீட்டருக்குக் குறையாத, காற்றழுத்தம் குறைந்த அகல டயர் வேண்டும். அதற்கு அச்சும் நீள வேண்டியிருப்பதால் வண்டியையே புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும்.